ஆளுநர் விலகிய நாளில் பஸ்ஸில் பேசப்பட்டது

புறக்கோட்டையில் இருபத்திரண்டு வருடங்களாகக் கணக்கெழுதிப் பிழைக்கிறவன் நான். இரண்டாம் குறுக்குத் தெருவிலும் கெய்சர் வீதியிலுமாக நான்கு புடவைக் கடைகளின் பேரேடுகள் என் கையில் இருக்கின்றன. நான்கில் மூன்று முஸ்லிம் முதலாளிமாருடையவை. 2019 ஜூன் 3ஆந் திகதி, திங்கட்கிழமை, மேல் மாகாண ஆளுநர் அசாத் சாலியும் கிழக்கு மாகாண ஆளுநர் ஹிஸ்புல்லாவும் பதவி விலகிவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது நான் அந்த மூன்றில் ஒரு கடையின் பின்னறையில், மே மாதக் கொள்முதல் பற்றுச்சீட்டுகளைத் திகதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்குவதற்கு அதிகம் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பெருநாளுக்கு இன்னும் இரண்டே நாள் இருந்தது. வேறு வருடமென்றால் நோன்பின் கடைசி வாரத்தில் குறுக்குத் தெருக்களில் ஆளோடு ஆள் இடிபடாமல் நடக்க முடியாது. நடைபாதை வியாபாரிகளின் கூவலும், நாட்டாமைமார் வண்டியைத் தள்ளிக்கொண்டு வழிகேட்கும் சத்தமும், சிவப்புப் பள்ளிவாசலில் இருந்து வரும் பாங்கொலியும் ஒன்றோடொன்று கலந்துவிடும். நோன்பு திறந்த பிறகும் நடுச்சாமம் வரை வியாபாரம் நடக்கும். அந்த வருடம் ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும், கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 260க்கும் அதிகமானோர் இறந்த பிறகு, முஸ்லிம் கடைகளில் எதையும் வாங்காதீர்கள் என்ற செய்தி கைபேசிக்குக் கைபேசி தாவிக்கொண்டிருந்தது. மே மாத நடுப்பகுதியில் குளியாப்பிட்டியிலும் மினுவாங்கொடையிலும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. எங்கள் தெருவில் எதுவும் எரியவில்லை. ஆனால் விற்பனைப் புத்தகத்தைப் பார்த்தவனுக்குத் தெரியும், ஏப்ரல் மாதத்துக்கும் மே மாதத்துக்கும் இடையில் ஏதோ ஒன்று அறுந்து விழுந்திருந்தது.

கடை முதலாளியை நான் நானா என்றுதான் கூப்பிடுவேன். அறுபதைத் தாண்டியவர், சத்தம்போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கைபேசியில் வந்த செய்தியைக் கண்ணாடியைக் கழற்றி முகத்துக்கு அருகே பிடித்து வாசித்தார். பிறகு அதைக் கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு, "போய்ட்டாரு தம்பி" என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. மூன்று நாளாக அந்தத் தெருவில் எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லது. அவரு இரிந்தா கடைதான் போகும்" என்றார். எழுந்துபோய் முன்கதவை முக்கால்வாசி இறக்கிவிட்டு, பையன்களை நேரத்தோடு வீட்டுக்குப் போகச் சொன்னார்.

அந்த "நல்லது" என்ற சொல்லைப் பற்றித்தான் இத்தனை வருடமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், மறந்தவர்கள் இருக்கலாம். மே 31ஆந் திகதி பாராளுமன்ற உறுப்பினர் அத்துரலியே ரத்தன தேரர் கண்டியில் தலதா மாளிகைக்கு முன்னால் சாகும்வரை உண்ணாவிரதம் என்று அறிவித்து அமர்ந்தார். அமைச்சர் ரிஷாத் பதியுதீனும் இரண்டு முஸ்லிம் ஆளுநர்களும் பதவியிலிருந்து அகற்றப்பட வேண்டும் என்பது கோரிக்கை. நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறையிலிருந்து, சில நாள்களுக்கு முன்னர்தான் ஜனாதிபதியின் மன்னிப்பில் வெளியே வந்திருந்த பொதுபல சேனாவின் கலகொட அத்தே ஞானசார தேரர், திங்கட்கிழமை நண்பகலுக்குள் அவர்கள் விலகாவிட்டால் நாடெங்கும் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது என்ற தோரணையில் காலக்கெடு விதித்தார். அன்று காலை கண்டியில் கடைகள் பூட்டப்பட்டிருந்தன. மாளிகையைச் சுற்றிச் சனம் கூடியிருந்தது. பேராயர் மல்கம் ரஞ்சித் ஆண்டகையும் உண்ணாவிரதப் பந்தலுக்குப் போய் வந்தார். ஆளுநர்கள் இருவரும் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவிடம் கடிதம் கொடுத்தார்கள். தேரர் உண்ணாவிரதத்தை முடித்துக்கொண்டார். கண்டியில் எழுந்த ஆரவாரத்தைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின.

அதே நாளில், அதே நேரத்தில், நாடு முழுவதும் பல இலட்சம் பேர் வேறொரு நோன்பில் இருந்தார்கள். அந்த நோன்பில் இருந்தவர்களிடம் எந்தத் தொலைக்காட்சியும் கருத்துக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

நான் வழக்கத்தைவிட நேரத்தோடு கிளம்பி, கோட்டையில் பாணந்துறை போகும் 100ஆம் இலக்க பஸ்ஸைப் பிடித்தேன். கொள்ளுப்பிட்டி தாண்டும்வரை ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஏப்ரலுக்குப் பிறகு கொழும்பு பஸ்களில் அதுதான் வழக்கமாகியிருந்தது. ஆள் ஏறும்போதே முதலில் பையைப் பார்ப்பதும், பிறகு முகத்தைப் பார்ப்பதும், அதன்பிறகு பக்கத்து இருக்கையில் இருக்கலாமா என்று யோசிப்பதுமாக நகரம் பழகியிருந்தது. பம்பலப்பிட்டியில் பின்னிருக்கையில் தமிழ் கேட்டது. கோவிலுக்குப் போய்வரும் கோலத்தில் இருந்த ஒரு நடுத்தர வயதுக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம், "கடைசியா ஆள் போயிட்டான். அவையளுக்கும் இனியாவது ஒரு பாடமா இருக்கட்டும்" என்றார். மற்றவர் சிரித்தார். அவர்களுக்கு முன்னால் இருந்த அம்மா, "எல்லாரையும் சொல்ல ஏலாது தம்பி" என்று தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டார். நடுத்தர வயதுக்காரர் என்னைப் பார்த்து, "என்னண்ணை, சரிதானே?" என்று கேட்டார்.

நான் "ஓம்" என்றேன்.

வாய் தவறி வந்த சொல் என்று சொல்லித் தப்பலாம். அப்படி இல்லை. அந்தக் கணத்தில் எனக்குள் உண்மையாகவே ஓர் ஆறுதல் இருந்தது. அது அசாத் சாலியின் மீதான கோபத்தால் வந்ததல்ல. அவரைப்பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் எந்தப் பக்கமும் இருந்ததில்லை. கொழும்பு மாநகரசபையில் பிரதி மேயராக இருந்தவர், வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர், 2013இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிபட்டு வெளியே வந்தவர் என்ற அளவில்தான் அவரை நான் அறிந்திருந்தேன். என் ஆறுதல் வேறு. வெள்ளவத்தையில் வாழ்கிற தமிழனுக்கு அதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. 2007 ஜூன் 7ஆந் திகதி விடியற்காலையில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தியது. அந்த லொட்ஜுகளில் ஒன்று எங்கள் ஒழுங்கையின் முனையில் இருந்தது. பைகளும் தண்ணீர்ப் போத்தல்களுமாக ஆள்கள் இறங்கி வந்ததை மாடி ஜன்னலில் திரைக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு, அதே ஜூன் மாதத்தில், விரல் வேறு பக்கம் நீண்டபோது நெஞ்சு தானாகவே இலேசானது. அவ்வளவுதான். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த பஸ்ஸில் கேட்ட சிரிப்பின் அடியில் இருந்ததும் இதுவேதான் என்று நினைக்கிறேன். பாதி வெறுப்பு, மீதி தப்பித்துக்கொண்டவனின் மூச்சு.

இரவு மட்டக்களப்பிலிருந்து மாமா எடுத்தார். அவருக்குக் கூச்சம் எதுவும் இருக்கவில்லை. "கேள்விப்பட்டயா மருமகன், ஆள் போயிட்டார்" என்று தொடங்கி அரை மணித்தியாலம் பேசினார். மாமாவின் பேச்சைக் கொழும்பில் இருந்துகொண்டு இனவாதம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது, நான் தள்ளவில்லை. ஹிஸ்புல்லா ஆளுநராக நியமிக்கப்பட்ட அதே ஜனவரியில், நியமனத்தை எதிர்த்துக் கிழக்கில் ஹர்த்தால் நடந்தது. அப்போது குண்டும் வெடிக்கவில்லை, தேரரும் உண்ணாவிரதம் இருக்கவில்லை. 2015 பொதுத் தேர்தலில் மட்டக்களப்பு மாவட்டத்தில் தோற்றவர், தேசியப் பட்டியலால் பாராளுமன்றம் போனவர், அதை விட்டுவிட்டு அந்த மாவட்டம் அடங்கிய மாகாணத்துக்கே தலைவராக வந்தது தமிழர்களுக்குக் கசந்தது. காணிகள், நியமனங்கள், எல்லைகள் என்று அங்கே இரு சமூகத்துக்கும் இடையில் உள்ள கணக்குகள் யுத்த காலத்தில் இருந்து தீராதவை. இரண்டு பக்கப் பேரேட்டிலும் இரத்தம் இருக்கிறது. சீயோன் தேவாலயத்தில் இறந்த பிள்ளைகள் மாமா வசிக்கும் ஊரின் பிள்ளைகள். அவருடைய மகிழ்ச்சிக்கு வேர் இருந்தது.

ஆனால் நான் கேட்ட ஒரு கேள்விக்கு மாமாவிடம் பதில் இருக்கவில்லை. "ஜனவரியில நீங்கள் எல்லாரும் சேர்ந்து கடை பூட்டினீங்கள். அப்ப ஏன் அவர் போகேல்லை?" மறுமுனையில் கொஞ்ச நேரம் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் அத்தையின் முழங்கால் வலியைப்பற்றிப் பேசத் தொடங்கினார்.

கிழக்கு மாகாணத்தின் ஆளுநரை வேண்டாம் என்று கிழக்கு மாகாண மக்கள் ஒரு பகுதியினர் சொன்னபோது ஒன்றும் நடக்கவில்லை. மத்திய மாகாணத்தின் தலைநகரில் ஒருவர் உண்ணாமல் இருந்தபோது நான்காம் நாளே கடிதம் போனது. இதில் மேல் மாகாணத்து ஆள்களாகிய எங்களை ஒருவரும் எதுவும் கேட்கவே இல்லை. அசாத் சாலி வந்தபோதும் எங்களைக் கேட்கவில்லை, போனபோதும் கேட்கவில்லை. நாங்கள் செய்ததெல்லாம் பஸ்ஸில் இருந்து அபிப்பிராயம் சொன்னதுதான்.

இது சட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிற குறை. 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் மாகாண சபைகளைக் கொண்டுவந்தபோது ஆளுநரை ஜனாதிபதி நியமிப்பார், ஜனாதிபதி விரும்பும்வரை அவர் இருப்பார் என்று எழுதிவைத்தார்கள். ஆனாலும் அந்த 154ஆ உறுப்புரையில் ஒரு சின்ன வாசலையும் திறந்து வைத்திருந்தார்கள். ஆளுநர் வேண்டுமென்றே அரசியலமைப்பை மீறினாலோ, பதவியைத் துர்ப்பிரயோகம் செய்தாலோ, இலஞ்சம் வாங்கினாலோ, மாகாண சபை மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் தீர்மானம் நிறைவேற்றி, அவரை நீக்கும்படி ஜனாதிபதியிடம் கேட்கலாம். குற்றம் என்னவென்று சபையில் ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும், கை உயர்த்த வேண்டும். 2019 ஜூனில் அந்த வாசலுக்கு அப்பால் ஆளே இல்லை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இலேயே முடிந்துவிட்டது. மேல் மாகாண சபையின் காலமும் அந்த ஏப்ரலில் முடிந்துபோனது. தேர்தல் முறையை மாற்றுகிறோம் என்று 2017இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றமே ஒருமித்துத் தோற்கடித்தது. அந்த இடைவெளியில் தேர்தல் விழுந்துவிட்டது. ஆக, முதலமைச்சரும் இல்லை, சபையும் இல்லை. மாகாணம் என்று இருந்தது ஆளுநர் ஒருவர்தான். அவருக்கும் மக்களுக்கும் இடையில் தெருவைத் தவிர வேறொன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

இந்த இடத்தில் இரண்டு வருடத்துக்கு முந்திய இன்னொரு ஜூன் மாதத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2017 ஜூனில் வட மாகாண முதலமைச்சர் சி.வி. விக்னேஸ்வரன், விசாரணைக் குழுவின் அறிக்கையைக் காட்டித் தன் அமைச்சர்கள் இருவரைப் பதவி விலகச் சொன்னார். மற்ற இருவரை விடுமுறையில் நிற்கச் சொன்னார். அன்றிரவே அவருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை ஆளுநர் ரெஜினோல்ட் குரேயின் கையில் இருந்தது. விலகப்போவது முதலமைச்சரா அமைச்சர்களா என்று வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வெட்டுகிறவரிடம் நிற்கும்போதுகூடச் சண்டை நடந்தது. வடக்கில் கடைகள் பூட்டப்பட்டன. நல்லூரிலிருந்து இளைஞர்கள் முதலமைச்சரின் வீட்டுக்கு ஊர்வலமாகப் போய், விலகாதீர்கள் என்று கோஷமிட்டார்கள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவர் சம்பந்தனுக்கும் முதலமைச்சருக்கும் இடையில் கடிதங்கள் போய்வந்த பிறகு பிரேரணை திரும்பப் பெறப்பட்டது.

எங்கள் வீட்டில் அப்போது இரண்டு கட்சி. கொழும்பில் வளர்ந்து கொழும்பில் நீதியரசராக இருந்த மனிதர் என்பதால் அவரை "எங்கட ஆள்" என்று என் மனைவி சொல்வாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கியிருந்த மைத்துனர் அதே காரணத்துக்காகவே அவரை "உங்கட ஆள்" என்பார். அது கிடக்கட்டும். நான் சொல்ல வருவது, அந்த நாள்களில் தெருவில் நின்றவர்கள் தாங்கள் வாக்குப் போட்ட ஒருவருக்காக நின்றார்கள் என்பது. 2013 தேர்தலில் அவர் பெற்ற விருப்பு வாக்குகள் 132,255. தெருவில் நின்றவனுக்கு அந்த எண்ணில் ஒரு பங்கு இருந்தது. எதிர்த்து நின்ற உறுப்பினர்களுக்கும் தத்தமது வாக்குகள் இருந்தன. அவர்களுடைய கோபத்தில் வீட்டுக்காரரின் உரிமை தெரிந்தது.

அதன் பின்கதையும் சுவையானது. அந்த வருடமே முதலமைச்சர் இன்னொரு அமைச்சரான டெனிஸ்வரனை நீக்கினார். அவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார். அமைச்சரை நீக்குகிற அதிகாரம் முதலமைச்சருக்கு இல்லை, அது ஆளுநருடையது என்ற அவருடைய வாதத்தின் பக்கமே நீதிமன்றம் நின்றது. ஒரு இலட்சத்து முப்பத்திரண்டாயிரம் வாக்கு வாங்கியவரால் தன் அமைச்சர் ஒருவரை வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை. அந்த அதிகாரம் உடைய ஆளுநரையோ, ஒரு வாக்கும் இல்லாமல் நாலு நாளில் வீட்டுக்கு அனுப்ப முடிந்தது.

பதவி விலகலை மக்களிடம் போவதற்கான வழியாகவே பயன்படுத்திய ஒருவரும் நமக்கு இருந்தார். 1972இல் புதிய அரசியலமைப்பை ஏற்க மறுத்து எஸ்.ஜே.வி. செல்வநாயகம் தன் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்தார். முடிந்தால் இடைத்தேர்தல் வைத்துப் பாருங்கள் என்றார். அரசாங்கம் இரண்டு வருடத்துக்கும் மேலாக இழுத்தடித்து 1975 பெப்ரவரியில்தான் தேர்தலை வைத்தது. அவர் 16,000க்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அந்தத் தேர்தலில் வாக்குப்போட்ட என் அப்பா, நடுங்கும் கையோடு வேட்பாளர் மேடையேறியதையும் பேச்சு ஒரு சொல்லும் விளங்காமலே சனம் கைதட்டியதையும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த விலகலுக்கு மக்கள் காட்டிய எதிர்வினையைக் கையால் எண்ணிப் பார்க்க முடிந்தது. 2019இல் எண்ணுவதற்கு என்ன இருந்தது? கண்டியில் கூடிய தலைகளும், குறுக்குத் தெருவில் இறங்கிய கதவுகளும்.

ஜூன் 3ஆந் திகதி மாலையே இன்னொன்றும் நடந்தது. ரிஷாத் பதியுதீனை மட்டும் தனியே விடாமல், ரவூப் ஹக்கீம், கபீர் ஹாஷிம் உட்பட அரசாங்கத்தில் இருந்த முஸ்லிம் அமைச்சர்கள் ஒன்பது பேரும், இராஜாங்க, பிரதி அமைச்சர்களையும் சேர்த்துத்தான், ஒன்றாகப் பதவி விலகுவதாக அறிவித்தார்கள். சமூகத்தைக் காப்பதற்கும் விசாரணைக்கு வழிவிடுவதற்கும் என்றார்கள். பஸ்ஸில் சிரித்தவர்களுக்கு இது பிடிபடவில்லை. மறுநாள் காலையில் கடைத்தெருவில் இருந்த தமிழ் வியாபாரிகள் சிலரும், "இது மிரட்டல்" என்றார்கள். முஸ்லிம் கடைகளில் முதன்முதலாகக் கொஞ்சம் நிமிர்ந்த முதுகுகளைக் கண்டேன். ஆளுநர்களின் விலகலை அவமானமாகக் கேட்ட அதே காதுகள் அமைச்சர்களின் விலகலை மானமாகக் கேட்டன. பிறகு ஜூன், ஜூலை மாதங்களில் அவர்களில் பலர் ஒருவர் பின் ஒருவராக மீண்டும் அமைச்சுகளைப் பொறுப்பேற்றார்கள். அதற்குத் தெருவில் எந்த எதிர்வினையும் இல்லை. ஒரு கடைப்பையன் மட்டும் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "பெருநாள் லீவு முடிஞ்சி" என்றான். அந்த வருடம் நான் கேட்ட மிகச் சரியான அரசியல் விமர்சனம் அதுதான்.

எனக்கு எரிச்சலூட்டியது வேறொன்று. விலகல் நடந்த பிறகு, ஆளுநர்கள் இருவருக்கும் ரிஷாத் பதியுதீனுக்கும் எதிராக முறைப்பாடு உள்ளவர்கள் வந்து கொடுக்கலாம் என்று பொலிஸ் தலைமையகம் ஒரு குழுவை அமைத்துத் திகதியும் குறித்தது. கணக்கெழுதுகிறவனுக்கு இது புதுமையாகத் தெரிந்தது. நாங்கள் முதலில் பற்றுச்சீட்டைப் பார்ப்போம், பிறகு பேரேட்டில் பதிவோம், வித்தியாசம் வந்தால் காசாளரைக் கேட்போம், அதன்பிறகுதான் அவரை நிறுத்துவதைப் பற்றிப் பேசுவோம். இங்கே காசாளரை முதலில் தெருவில் விட்டுவிட்டு, யாரிடமாவது பற்றுச்சீட்டு இருந்தால் கொண்டுவாருங்கள் என்று அறிவித்தல் ஒட்டினார்கள்.

அசாத் சாலியின் இடத்துக்கு உடனேயே முன்னாள் கொழும்பு மேயர் ஏ.ஜே.எம். முஸம்மில் நியமிக்கப்பட்டார், கிழக்குக்கு, தென் மாகாண முதலமைச்சராக இருந்த ஷான் விஜயலால் டி சில்வா போனார். மேல் மாகாணத்துக்கு மீண்டும் முஸ்லிம் ஒருவரே ஆளுநராக வந்ததைப் பற்றி பஸ்ஸிலோ சந்தையிலோ ஒருவர்கூடப் பேசி நான் கேட்கவில்லை. கண்டியிலும் எவரும் உண்ணாவிரதம் இருக்கவில்லை. ஜனாதிபதியின் நோக்கில் இது சமாதானம் செய்யும் நியமனமாக இருந்திருக்கலாம். எனக்கென்னவோ, ஆரவாரித்தவர்களுக்குப் பதவி யாருடைய கையில் இருக்கிறது என்பதில் அக்கறை இருக்கவில்லை, ஒருவர் தலைகுனிந்து இறங்குவதைப் பார்ப்பதில்தான் அக்கறை இருந்தது என்று பட்டது.

ஒரேயொரு விலகலை இந்தக் கொழும்பு ஒரே முகத்தோடு கேட்டதையும் சொல்லிவிட வேண்டும். 2022 ஜூலை 14ஆந் திகதி கோட்டாபய ராஜபக்‌ஷ சிங்கப்பூரிலிருந்து விலகல் கடிதத்தை அனுப்பிவிட்டார் என்று தெரியவந்த இரவில், எண்ணெய் இல்லாமல் பஸ்கள் நின்றுபோயிருந்த காலி வீதியில் வெடிச்சத்தம் கேட்டது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் வெளியே வந்து நின்றார்கள். ஒருவருக்கும் அது யாருடைய ஆள் என்று கேட்கத் தோன்றவில்லை. பசியும் வரிசையும் எல்லா வீட்டுக்கும் பொதுவாக வந்திருந்தன. அடுத்த நாள் நானா எனக்குத் தொதல் துண்டு ஒன்று கொடுத்தார். எங்கே சீனி கிடைத்தது என்று கேட்டேன், சிரித்தார்.

மறுபடி 2019க்கே வருகிறேன். ஜூன் 4ஆந் திகதி, பெருநாளுக்கு முதல் நாள், கடை திறந்திருந்தது. பையன்கள் பழைய சரக்கை முன்னால் எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நானா என் மேசைக்கு வந்து, பேரேட்டைப் பார்ப்பதுபோல நின்று, குரலைத் தாழ்த்தி, "தம்பி, நேத்து போகக்கொள்ள பஸ்ஸில என்ன பேசிக்கிட்டாங்க? உங்கட ஆக்கள் என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். அத்தனை வருடத்தில் அவர் "உங்கட ஆக்கள்" என்று என்னிடம் சொன்னது அதுவே முதல் தடவை. நான், "ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லை நானா" என்றேன். அவர் தலையை ஆட்டினார். நான் சொன்னதை நம்பினாரா என்று தெரியவில்லை; நம்பாவிட்டாலும் காட்டிக்கொள்கிறவர் அல்ல.

2021 மார்ச்சில் அசாத் சாலி ஒரு செய்தியாளர் சந்திப்பில் பேசிய பேச்சுக்காக மீண்டும் கைதானார். எட்டு மாதத்துக்கும் மேலாக உள்ளே இருந்தார். டிசம்பர் 2ஆந் திகதி கொழும்பு மேல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவரென்று விடுவித்தது. 2019இல் ஆரவாரத்தைக் காட்டிய அலைவரிசைகளில் அதற்கு எவ்வளவு நேரம் கொடுத்தார்கள் என்று நான் அளந்து பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தும் செய்தியை நான் அடுத்த நாள் பத்திரிகையில்தான் கண்டேன். பத்திரிகையைக் கொண்டுபோய் நானாவின் மேசையில் விரித்து வைத்தேன். கண்ணாடியைக் கழற்றி, தாளை முகத்துக்கு அருகே பிடித்து, கடைசி வரிவரை வாசித்தார்.

"அப்ப கவர்னர் வேலையத் திருப்பிக் குடுப்பாங்களா?" என்றார்.

இருவரும் சிரித்தோம். பிறகு அவர் நவம்பர் மாத இருப்புக் கணக்கு முடிந்துவிட்டதா என்று கேட்டார். இன்னும் இரண்டு நாள் வேண்டும் என்றேன். பஸ்ஸில் பேசியதை அன்றும் நான் அவரிடம் சொல்லவில்லை.